பெயரறியாதவன் தேடும் கையேடு: இயக்குதள உதவி நூல்களும் தமிழாக்கமும்

யூனிக்ஸ் இயக்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வெளிவந்தது. அவ்வியக்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியுமே கையேட்டையும் எழுதினர். எழுதியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்களுடைய துறைத் தலைவர் டக்ளஸ் மெக்கில்ராய். கட்டளைகள், அமைப்பு அழைப்புகள், துணைநிரல்கள் என ஏழு பிரிவுகளாக அமைந்த அந்நூலில் ஒவ்வொரு பிரிவினுள்ளும் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப்பக்கம். பக்கத்திற்குள் பெயர், தொடரமைப்பு, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிற காண்க, பிழைகள் என்னும் சிறுதலைப்புகள். பொருளை விற்பவர் தம் பொருளின் குறைகளைத் தம் கையேட்டிலேயே ‘பிழைகள்’ என்று தலைப்பிட்டு எழுதிவைக்கும் வழக்கம் பிற தொழில்களில் காண்பதரிது. இவ்வமைப்பு ஐம்பதாண்டுகளுக்குப் பின்னும் லினக்ஸ் உள்ளிட்ட இயக்குதளங்களில் ஏறத்தாழ மாறாமல் நின்று வருகிறது.

கையேடு விரைவிலேயே கணினிக்குள்ளேயே இடம்பெற்றது. ‘மேன்’ என்று தட்டி அடுத்துக் கட்டளையின் பெயரைத் தட்டினால் அதற்குரிய பக்கம் திரையில் தோன்றும். இவ்வசதியில் உள்ளடங்கியுள்ள நிபந்தனை ஒன்று புதியவர்க்குப் பெருந்தடையாக நின்றது. பக்கத்தைப் பெற விரும்புவோர் கட்டளையின் பெயரை முன்னரே அறிந்திருக்க வேண்டும். கோப்புகளின் பட்டியலைக் காண விரும்புபவன் ‘எல்எஸ்’ என்னும் ஈரெழுத்தையும், கோப்பினுள் ஒரு சொல்லைத் தேட விரும்புபவன் ‘ஜிரெப்’ என்னும் பெயரையும் அறியாமல் கையேட்டின் வாயிலைக் கடக்க இயலாது. இப்பெயர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உடையவர்க்கும் ஊகிக்க இயலாதவை. ‘ஜிரெப்’ என்பது பழைய பதிப்பி நிரல் ஒன்றின் கட்டளைக் குறியீட்டிலிருந்து பிறந்த சொல். எந்த அகராதியிலும் அதன் மூலத்தைத் தேடிக் காண முடியாதிருந்தது. ஆகவே, கையேட்டை அடைவதில் புதியவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை ஆங்கிலம் அறியாமையின் விளைவாக மட்டும் கொள்வது பொருந்தாது. அது தேடும் திசை பற்றிய சிக்கலுமாகும். தமிழாக்க முயற்சிகள் பலவும் இந்த வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாமலே தொடங்கின என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

நிகண்டும் அகராதியும்

இத்திசை வேறுபாடு தமிழ்ச் சொற்கோவை மரபில் நெடுங்காலமாக உணரப்பட்டதொன்று. திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. அவற்றுள் முதற்பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், செயல், ஒலி என்றாற்போலப் பொருள்வகையால் அமைந்தவை. பொருளை அறிந்து அதற்குரிய பெயர்களை நாடும் புலவனுக்கு அவை உதவின. பதினொன்றாம் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி எதிர்த்திசையில் செல்கிறது. சொல்லை அறிந்தவன் அதன் பொருள்களை அங்கே காண்பான். சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை அகரவரிசைக்குக் கொண்டு வந்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியில் பெயரகராதி, பொருளகராதி, தொகையகராதி, தொடையகராதி என்னும் நான்கும் ஒரே நூலுக்குள் அமைந்தன. சொல்லிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து சொல்லுக்கும் செல்லும் இருவழிகளும் ஒருவர்க்கே தேவைப்படும் என்பதை அம்முனிவர் நன்குணர்ந்திருந்தார். தமிழைப் பிறமொழியாளராக வந்து கற்றவர் அவர் என்பது இங்கு நினையத்தக்கது.

யூனிக்ஸ் கையேட்டை இம்மரபின் நோக்கிற் கண்டால் அது பெயரகராதி மட்டுமே உடைய நூல். அக்குறையை அதன் ஆசிரியர்களும் விரைவில் உணர்ந்தனர். பிற்பதிப்புகளில் இடம்பெற்ற சுழல்வரிசைச் சொல்லடைவு அதற்குச் சான்று. ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய ஒருவரி விளக்கத்தின் சொற்களை மாற்றி மாற்றி முன்னிறுத்தி அகரவரிசைப்படுத்தியதால், விளக்கத்தில் வரும் எச்சொல்லைக் கொண்டும் கட்டளையை அடையலாயிற்று. 1970களின் இறுதியில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் தொகுதியில் ‘அப்ரொப்போ’ என்னும் கட்டளை இதனையே கணினிக்குள் நிகழ்த்தியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அச்சொல் வரும் ஒருவரி விளக்கங்களையெல்லாம் அது தொகுத்துக் காட்டும். ‘குறித்து’, ‘பற்றி’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடர் ஆங்கிலத்திற் புகுந்து, பின் கட்டளையின் பெயராகியது. புதியவர்க்கு வழிகாட்டப் பிறந்த கட்டளையே இத்தகைய அரிய பெயரைத் தாங்கி நிற்பதால், அதன் பெயரை அறிவதற்கும் வேறொரு வழிகாட்டி வேண்டியதாயிற்று.

கையேட்டுப் பக்கத்தின் நடையும் நோக்கத்தக்கது. அது நூற்பாவைப் போன்றது, மிகைச்சொல் இல்லை, எடுத்துக்காட்டு அரிது, முன்னரே கற்றவர்க்கு நினைவூட்டுவது. நன்னூலின் சிறப்புப்பாயிரம் ஒரு நூலுக்குச் சொல்லும் எட்டனுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள் முதலியவற்றுக்கு இப்பக்கத்தில் இடமுண்டு. கேட்போர், பயன் என்னும் இரண்டுக்கும் இல்லை. யாருக்காக எழுதப்பட்டது, எதற்காக இக்கட்டளையை நாடவேண்டும் என்பன கூறப்படாமையால், உரையின்றி நூற்பாவைக் கையில் எடுத்த மாணவனின் நிலையே புதிய பயனருக்கும் ஏற்பட்டது.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டம் ‘இன்ஃபோ’ என்னும் வேறொரு வடிவத்தை முன்வைத்தது. அதில் நூல்கள் இயல்களாகவும் கிளைகளாகவும் விரிந்தன. லினஸ் டோர்வால்ட்சின் லினக்ஸ் கருநிரல் 1991இல் தோன்றிய பின்னர், 1992இல் தொடங்கப்பட்ட லினக்ஸ் ஆவணத் திட்டம் ‘இதனைச் செய்வது எப்படி’ என்னும் வகைமையில் பல வழிகாட்டிகளை வெளியிட்டது. கட்டளையின் பெயருக்கு மாறாகச் செய்யவேண்டிய செயல் தலைப்பாக நின்றமையே அவற்றின் சிறப்பு. 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கே.டி.இ.யும் 1997இல் தொடங்கிய க்னோமும் படமுறைப் பணிச்சூழலைக் கொணர்ந்தபோது ‘உதவி’ என்பது ஒவ்வொரு சாளரத்தின் மேல்வரிசையிலும் நிலையான இடம் பெற்றது.

சொற்றொடர்க் கோப்புகளும் சூழலின்மையும்

தமிழ் இவ்வரலாற்றில் நுழைவது இந்தக் கட்டத்திலேயே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தமிழக அரசு எழுத்துருக் குறியாக்கத்தையும் விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, பல நாடுகளிற் பரவியிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கே.டி.இ. பணிச்சூழலைத் தமிழாக்கத் தொடங்கினர். ஒருங்குறி அன்று பரவலாகாமையால் டிஸ்கி என்னும் எட்டு நுண்மிக் குறியாக்கமே தொடக்கத்தில் கைகொடுத்தது. சென்னையில் ‘ழ கணினி’ என்னும் பெயரிலும் ஒரு முயற்சி நடந்தது. 2005 ஏப்ரலில் நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அடங்கிய குறுவட்டைச் சென்னையில் வெளியிட்டுப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கியது.

இம்முயற்சிகளுக்கெல்லாம் அடிப்படைக் கருவியாக அமைந்தது ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் முறை. நிரலில் வரும் ஒவ்வோர் ஆங்கிலச் சொற்றொடரும் ஒரு கோப்பில் தனித்தனி வரிசையாக நிற்கும். அதன்கீழ் மொழிபெயர்ப்பாளர் தமிழ்த்தொடரை எழுதுவார். எழுதாது விட்ட இடத்தில் ஆங்கிலமே திரையில் தோன்றும். பலர் பங்கிட்டுச் செய்வதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆயின் மொழியியல் நோக்கில் இதன் விலை சிறிதன்று. தொடர்கள் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டு மொழிபெயர்ப்பாளர் முன் வருகின்றன. ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்னும் ஒருசொல் வினையாகவும் பெயரடையாகவும் வரும். தமிழில் ‘திற’ எனவும் ‘திறந்த’ எனவும் அது பிரிந்தே ஆகவேண்டும். ஒரே ஆங்கிலத் தொடருக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்று கருவி கொண்டமையால் ஏதேனும் ஓரிடத்தில் பிழை தவிர்க்க இயலாததாயிற்று. சூழற்குறிப்பை உடன் தரும் வசதி 2006இல்தான் அக்கருவியிற் சேர்ந்தது.

வினைவடிவத் தேர்வு இதனினும் ஆழமானது. பட்டியலில் நிற்கும் ஆங்கில வினைக்குத் தமிழில் ‘சேமி’, ‘சேமிக்க’, ‘சேமிக்கவும்’, ‘சேமிப்பு’ என நான்கு வடிவங்களுள் ஒன்றைத் தெரிய வேண்டும். யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதே இத்தேர்வைத் தீர்மானிக்கும். பட்டியலில் பயனர் பொறியை ஏவுகிறார். ஆகவே ‘சேமி’ என்னும் ஏவலொருமை இயல்பானது. பொறிக்கு மரியாதைப் பன்மை தேவையில்லை. உதவி நூலில் நிலைமை தலைகீழாகிறது. நூல் பயனரை நோக்கிப் பேசுகிறது. அங்கே ‘சொடுக்குக’, ‘சொடுக்கவும்’ என்னும் வடிவங்களே பொருந்தும். ஏவலொருமையைக் கண்டு, கணினி தம்மை ஒருமையில் விளிப்பதாக எண்ணி முகம் சுளித்தவர்களும் உண்டு. ‘சேமிக்க’ என்னும் வடிவம் மொழிபெயர்ப்பாளர் சிலரிடையே செல்வாக்குப் பெற்றதற்கு அவ்வெண்ணமும் ஒரு காரணமாகலாம்.

இதன் விளைவு கையேட்டைத் தேடுவோரையே தாக்கியது. பட்டியற் சொற்றொடர்களும் உதவி நூலும் தனித்தனிக் கோப்புகள். பெரும்பாலும் தனித்தனி மொழிபெயர்ப்பாளர்கள். நூலில் “‘சேமி’ என்பதைச் சொடுக்குக” என்றிருக்க, திரையில் ‘சேமிக்க’ என்றிருந்தால் அனுபவமுடையவர் பொருத்திக்கொள்வார். முதன்முறை கணினி முன் அமர்ந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ‘டெஸ்க்டாப்’ என்பதற்கு பணிமேடை, மேசைத்தளம், மேல்மேசை ஆகியனவும், ‘டிஃபால்ட்’ என்பதற்கு முன்னிருப்பு, இயல்புநிலை, கொடாநிலை ஆகியனவும் வழங்கிய நிலையில் இடர்ப்பாடு பெருகிற்று. ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்பதே தமிழகத் தன்னார்வலரிடையே இயக்குதளம், இயங்குதளம் எனவும், தமிழகப் பாடநூலில் இயக்க அமைப்பு எனவும், இலங்கைப் பாடநூலில் பணிசெயல் முறைமை எனவும் வழங்குகிறது. யாழ்ப்பாணத்து மாணவர் தம் பாடநூற்சொல்லைக் கொண்டு சென்னையில் எழுதப்பட்ட வழிகாட்டியைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

இச்சிதறலைக் களையவே, அடிக்கடி வரும் தொடர்களுக்குப் பொதுச்சொல் காணும் ‘ஃப்யூயல்’ என்னும் திட்டம் 2008இல் இந்தியில் தொடங்கிப் பிற இந்திய மொழிகளுக்கும் விரிந்தது. தில்லி ராஜ்பூர் சாலையில் இயங்கிய சராய் அமைப்பு இந்தித் தமிழாக்கத்திற்கு ஒப்பான பணியில் கணினியாளரோடு எழுத்தாளரையும் இதழாளரையும் ஒன்றாக அமர்த்திச் சொற்களைச் சீர்தூக்கியது. பொதுச்சொற்பட்டியலால் பட்டியலும் நூலும் ஒரே சொல்லை ஆள வழியுண்டு என்பது மறுக்கத்தக்கதன்று. எனினும் தரப்படுத்தல் ஒன்றே தீர்வு என்னும் கருத்து ஏற்புடையதாகத் தோன்றவில்லை. தரப்படுத்திய சொல்லும் புதியவர்க்கு அறியாத சொல்லே.

கோப்பும் கோப்பையும்

தேடற்பொறி பற்றிய சிக்கல் முற்றிலும் தமிழிலக்கணம் சார்ந்தது. ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல் எழுத்துத்தொடரை அப்படியே ஒப்பிட்டாலும் பெரும்பாலான இடங்களில் பயன் தரும். பன்மை விகுதி சொல்லின் இறுதியில் ஒட்டுவதன்றிச் சொல்லைப் பெரிதும் சிதைப்பதில்லை. தமிழில் ‘கோப்பு’ என்று தேடினால் ‘கோப்புகள்’ கிடைக்கும். ‘கோப்பை’, ‘கோப்பின்’, ‘கோப்பில்’ கிடைக்கமாட்டா. குற்றியலுகரம் கெட்டு உருபின் உயிர் ஏறுவதால் எழுத்துத்தொடர் மாறிவிடுகிறது. ‘கையேடு’ ‘கையேட்டை’ ஆகும்போது ஒற்று இரட்டிக்கிறது. ‘பட்டியல்’ ‘பட்டியலை’ ஆகும்போது புள்ளி மறைகிறது. உதவி நூலின் தொடர்களில் இச்சொற்கள் எழுவாயாக வருவதினும் செயப்படுபொருளாக வருவதே மிகுதி. கோப்பைத் திறப்பதும் பட்டியலைக் காண்பதுமே அந்நூல்களின் பேசுபொருள். ஆகவே தேடற்சொல் மிகத் தேவைப்படும் இடத்திலேயே நழுவுகிறது. ‘கோப்பை’ என்று தேடுபவருக்குத் தேநீர்க் கோப்பையும் உடன் வருமென்பது வேறு.

ஒருங்குறியிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருமைப்படுத்தாத நிரலுக்கு வெவ்வேறு.

சொல்லின் விகுதிகளையும் உருபுகளையும் களைந்து அடிச்சொல்லைக் காணும் நிரல்களைத் தொகுக்கும் ‘ஸ்நோபால்’ திட்டத்தில் தாமோதரன் ராஜலிங்கம் எழுதியளித்த தமிழ்ப்பகுதி இடம்பெற்றது. 2019இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அது காணப்படுகிறது. அதே ஆண்டு வெளிவந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பன்னிரண்டாம் பதிப்பும் அதனை ஏற்றது. தமிழாக்கம் தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது. பட்டியற் சொற்களுக்கு நடந்த விவாதத்தில் பத்திலொரு பங்கு இதற்கு நடந்திருந்தால் முன்னரே கைகூடியிருக்கும்.

மொழிபெயர்ப்பும் புத்தாக்கமும்

அரசு நிறுவனங்கள் வழி லினக்ஸ் தமிழகத்தில் பரவிய வரலாறு இதனோடு இணைத்துக் காணத்தக்கது. சென்னையிலிருந்து உருவாக்கப்பட்ட ‘பாஸ்’ லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதே காலத்தில் சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டு பற்றிய பகுதி சேர்க்கப்பட்டது. இயக்குதளம் இவ்வாறு மாணவர் கைக்குச் சென்றது. அதனோடு இணைந்த கட்டளைப் பக்கங்கள் ஆங்கிலத்திலேயே நின்றன. ஜப்பானியம், பிரெஞ்சு, செருமன் முதலிய மொழிகளில் அப்பக்கங்கள் தொகுதி தொகுதியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கத் தமிழில் அத்தகைய தொகுதி உருவாகவில்லை.

உருவாகாமை குறையா என்பது ஆராயத்தக்கது. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்கள் குறித்துத் தமிழிலேயே எழுதப்பட்ட கட்டுரைகளை வெளியிட்டது. நித்யா துரைசாமி ‘எளிய தமிழில்’ என்னும் தலைப்பு வரிசையில் எழுதிய நூல்கள் லினக்சையும் தரவுத்தளத்தையும் அறிமுகப்படுத்தின. இவை யாரும் பகிரத்தக்க உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை ஆங்கிலக் கையேட்டின் வழிநூல்கள் என்று கொள்ளாமல், அதன்மேல் எழுந்த உரைகள் என்று கொள்வதே பொருத்தமாகும். கட்டளைப் பெயர் ஆங்கிலமாகவே நிற்க, அதனை நாடவேண்டிய காரணம் தமிழில் முன்னே வருகிறது. ‘கேட்போர்’, ‘பயன்’ இரண்டும் இடம்பெற்றுவிடுகின்றன. நூற்பாவை மொழிபெயர்ப்பதைவிட உரை எழுதுவதே புதியவர்க்கு உதவியது என்பது மொழிபெயர்ப்பாளர்க்கு உவப்பான செய்தி அன்று. ஆயினும் சான்றுகள் அப்பக்கமே சாய்கின்றன.

அவ்வுரைகளிலும் ஒரு குறை எஞ்சியுள்ளது. அவை தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பதற்கு உரியவை. இடர்ப்பட்ட நேரத்தில் ஒன்றை மட்டும் தேடி எடுப்பதற்கான சொல்லடைவு அவற்றில் வலுவாக அமையவில்லை. தேடுவோர் யார், எச்சொல்லோடு வருவார் என்னும் வினா இங்கே எழுகிறது. தில்லியில் யமுனையின் கீழ்க்கரையில் 1980களில் வளர்ந்த மயூர் விஹார்க் குடியிருப்புகளில் வாழும் தமிழரை எண்ணிப் பார்க்கலாம். அங்கே நொய்டா அலுவலகங்களில் ஆங்கிலத்தில் பணிபுரிவோர்க்குத் தமிழ் உதவி நூல் தேவைப்படுவதில்லை. அவர்தம் வீட்டில் தமிழகத்திலிருந்து வந்து தங்கியுள்ள பெற்றோர்க்கு அது தேவைப்படும். அவர்கள் தமிழ் படிப்பவர்கள், ஆனால் ‘அச்சுப்பொறி’ என்று பேசுபவர்கள் அல்லர். ‘பிரிண்டர்’ என்றே கேட்பார்கள். ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’ என்றே தேடுவார்கள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளோ தமிழ் பேசுவார்கள், பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் திணறுவார்கள். மதுரையிலும் மட்டக்களப்பிலும் கேட்போரின் பேச்சு இதனின்று பெரிதும் வேறுபடுமென்று கருதக் காரணமில்லை.

கலைச்சொல் தூய்மையைப் பேணுவோர் இதற்கு உடன்படத் தயங்குவர். நூலின் உடலில் எந்தச் சொல் நிற்கவேண்டும் என்பது ஒரு வினா. எந்தச் சொல் வழியாக வாசகர் அதனை அடையவேண்டும் என்பது மற்றொரு வினா. பொருளகராதி வழக்குச்சொல்லை விலக்கினால் பொருளை அடையும் வாயில்களுள் ஒன்று அடைபடும். ‘பிரிண்டர்: அச்சுப்பொறி காண்க’, ‘பாஸ்வேர்டு: கடவுச்சொல் காண்க’, ‘பணிசெயல் முறைமை: இயக்குதளம் காண்க’, ‘ஃபைல் காணோம்: கோப்பைத் தேடுதல் காண்க’. இவ்வகைப் பதிவுகளுக்கு நிரல் எழுதுவது எளிது. தமிழ் பேசும் புதியவர்கள் கணினி முன் அமர்ந்து உண்மையில் எழுப்பும் வினாத்தொடர்களை ஊர்தோறும் திரட்டுவதே நேரம் பிடிக்கும் வேலை. அது நிரலாளர் பணியன்று, களப்பணி பயின்ற மொழியியலார் பணி.